மாப்பிள்ளையும் மட்டக் கம்பியும்

ஒரு டிராக்டருக்கு ஓர் ஆள் போதும் என்றுதான் அதைச் செய்த வெள்ளைக்காரன் நினைத்திருக்கிறான். அதனால்தான் ஒரே ஒரு சீட்டு வைத்தான். நான் வேலை பார்த்த வீட்டில் அவன் கணக்கு செல்லுபடியாகவில்லை. அங்கே டிராக்டருக்கு இரண்டு பேர். சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவன் நான். முன்னால் நின்று கை காட்டுகிறவர் அந்த வீட்டு மாப்பிள்ளை.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, தேர்வாய் கண்டிகையைத் தாண்டி உள்ளே போகும் மண் சாலையில் இருந்தது அந்த ஊர். இன்று அந்தப் பக்கம் போனால் தொழிற்சாலைச் சுவர்கள்தான். சுவருக்கு உள்ளே மஞ்சள் வண்டிகள் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கும். நான் சொல்வது ஐம்பதுகளின் நடுப்பகுதி. அப்போது அங்கே சுவர் என்று ஒன்று இருந்ததென்றால் அது என் முதலாளி வீட்டுச் சுவர்தான். ஏரிப் பாசனத்தில் நல்ல நெல் நிலம் வைத்திருந்த குடும்பம். ஒரே மகள். அவள் அப்பாவை நைனா என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டு ஊரே அவரை நைனா என்றது. அவரும் ஊருக்கே அப்பா போலத்தான் நடந்துகொண்டார், கேட்காமலே புத்தி சொல்கிற விஷயத்தில் மட்டும்.

எங்கோ சாலை வேலை முடிந்து ஏலத்துக்கு வந்த டிராக்டர் அது. நைனா எடுத்து வந்திருந்தார். சும்மா டிராக்டர் இல்லை. முன்பக்கம் இரண்டு இரும்புக் கைகள் நீண்டு, அவற்றின் நுனியில் மண் அள்ளுகிற பெரிய இரும்புத் தொட்டி ஒன்று இருக்கும். கைகளைத் தூக்க ஒரு லீவர், தொட்டியைக் கவிழ்க்க ஒரு லீவர். கம்பெனிக்காரன் அதற்கு பக்கெட் என்று பெயர் வைத்திருந்தான். ஊர்க்காரர்கள் மொறம் என்றார்கள். வாயகன்று, பின்பக்கம் உயர்ந்து, அசல் முறம் போலவேதான் இருந்தது. நானும் முறம் என்றே சொல்கிறேன். ஏரி வண்டலையும் எருக்குழிக் குப்பையையும் அள்ளி மாட்டு வண்டிகளில் கொட்டுவதுதான் அதன் வேலை.

அந்த முறத்தில் ஒரு சங்கடம் உண்டு. சீட்டில் உட்கார்ந்தால் எஞ்சின் மூடியும் முறத்தின் முதுகும்தான் தெரியும். அதன் வாய் தெரியாது. முறம் தரையைத் தொட்டுவிட்டதை உடம்பே சொல்லிவிடும். ஆனால் மட்டமாக இருக்கிறதா, மூக்கு கவிழ்ந்திருக்கிறதா, ஆகாயத்தைப் பார்க்கிறதா என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. கொஞ்சம் கவிழ்ந்திருந்தால் தரையைக் கிழித்துவிடும். கொஞ்சம் நிமிர்ந்திருந்தால் மண் மேல் வழுக்கிக்கொண்டு போய் வெறுமனே மேலே வரும். நான் சென்னையில் ஒரு பட்டறையில் வேலை பழகி வந்தவன். எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரியும். இரும்புக்குள் ஊடுருவிப் பார்க்கத் தெரியாது.

டிராக்டர் வந்த முதல் நாள் ஊரே கூடி நின்றது. முறத்துக்கு நேர் முன்னால், ஒதுங்க மறந்து நின்றவர் மாப்பிள்ளை. முறம் அவரை நோக்கிப் போனபோது பயத்தில் கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன். அந்த இடத்தில் தற்செயலாக முறம் மட்டமாக நின்றிருக்கிறது. வண்டல் பொங்கப் பொங்க அள்ளிக்கொண்டு வந்தது.

நைனா சொன்னார், "மாப்ள, நீங்க அங்கியே நில்லுங்க. நீங்க கை காட்னாத்தான் சரியா கீது."

அவ்வளவுதான். ஒரு மனிதருக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் வீட்டோடு இருந்தார். ஆள் நல்ல உயரம். வெள்ளை வேட்டியில் எப்போதும் மடிப்புக் கலையாது, கலைவதற்கு வேலையும் இல்லை. முதலில் நெல் விற்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள். கிணற்று மோட்டாரைக் கொடுத்தார்கள், அது எரிந்துபோனது. அதற்குப் பிறகு ஒன்றும் கொடுக்கவில்லை, சாப்பாட்டைத் தவிர. அந்தச் சாப்பாட்டிலும் ஒரு விவரம் இருந்தது. நைனா வயலிலிருந்து வந்து முன் கூடத்தில் உட்காருவார். அன்று உழைத்தவர்கள் என்று அவர் ஒப்புக்கொள்கிற குடும்பத்து ஆண்களுக்கு மட்டும் அவரோடு இலை விழும். மாப்பிள்ளைக்கு எல்லோரும் எழுந்த பிறகு, சமையல் கட்டை ஒட்டிய அறையில் இலை போடுவார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. இலையை மட்டும் தள்ளிப் போட்டார்கள். நான் கூலிக்காரன், பின் தாழ்வாரத்தில் சாப்பிடுவேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு இடமும் தெரியும்.

டிராக்டருக்கு முன்னால் நின்ற அன்று மாப்பிள்ளைக்கு முன் கூடத்தில் இலை விழுந்தது. அவர் மனைவி நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தாள், நைனா நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும்.

அது சரி. நல்லதுதான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அவர் கை காட்டிய லட்சணத்தில்தான்.

அவருக்கு ஒரே சைகைதான் தெரியும். உள்ளங்கையைக் காட்டி மெதுவாக அசைப்பார். அதற்கு மேலே என்றும் பொருள், கீழே என்றும் பொருள், ஐயோ என்றும் பொருள். வாயால் சொல்லச் சொன்னால் "லேசா, லேசா" என்பார். எந்தப் பக்கம் லேசாக என்று கேட்டால் முகம் வாடிவிடும். முறம் தரையைக் கிழித்து முக்கால் அடி உள்ளே போன பிறகு, நிதானமாக, "போதும்" என்பார். ஒரு ஏரிக்கரையில் நான் போட்ட பள்ளங்களையெல்லாம் அவர்தான் போதும் போதும் என்று அளந்து கொடுத்தார். நைனாவுக்கு முன்னால் பழி என் மேல். "மாப்ள கரெக்டா காட்றாரு, டிரைவருதான் கவனிக்கிறதில்ல." டிரைவர் வேறு எதைக் கவனிக்கிறான் என்று எனக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போயிருப்பேன். ஆவணி மாதம் எருக்குழியில் ஒரு நாள், முறத்தின் வாய் அவர் செருப்பின் மேல் இறங்கியது. செருப்பின் மேல்தான், காலின் மேல் இல்லை. அவர் காலை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்து, முகத்தில் மாற்றமே இல்லாமல் கையைக் காட்டி "லேசா" என்றார். நான் இறங்கிப் போய்ச் செருப்பை எடுத்துப் பார்த்தேன். முன் பக்கம் கத்தியால் நறுக்கியது போல் இருந்தது. இந்த மனுஷனை ஒரு நாள் நான் கொன்றுவிடுவேன், கொன்ற பிறகும் பழி கவனிக்காத டிரைவர் மேல்தான் விழும் என்று தோன்றியது. அன்றைக்கே முடிவு செய்தேன். அவரை முன்னாலிருந்து எடுக்க வேண்டும்.

எடுப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முறத்தின் மட்டத்தை என் கண்ணுக்குக் காட்டுகிற மாதிரி எதையாவது பூட்டிவிட வேண்டும்.

திருவள்ளூர் பஜாரில் பழவேற்காட்டுக்கார பாய் ஒருவர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். அவரிடம் ஒரு நீளமான ஜன்னல் கம்பியும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பழைய பம்பின் குழாயும் எடுத்தேன்.

"இன்னா தம்பி, இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்றார்.

சொன்னேன். மாப்பிள்ளை முன்னால் நிற்பதையும் சொன்னேன். கம்பியின் ஒரு நுனி முறத்தின் முதுகில், மேல் விளிம்பில். இன்னொரு நுனி என் கண் எதிரே, டிராக்டரின் கையில் பூட்டிய குழாய்க்குள் நுழைந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். முறம் கவிழ்ந்தால் கம்பி உள்ளே இழுபடும், நிமிர்ந்தால் வெளியே வரும். மட்டமாக நிற்கும்போது குழாயின் வாயில் கம்பி எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு வெள்ளைக் கோடு. கோடு குழாயின் வாய்க்கு வந்தால் முறம் மட்டம். அவ்வளவுதான் விஷயம்.

பாய் கம்பியை ஒரு தடவை குழாய்க்குள் விட்டு எடுத்தார். "முன்னால நிக்கிற மன்சன் இன்னா பண்ணுவாரு?"

"ஊட்ல குந்துவாரு."

"பாத்துக்கோ தம்பி. மாப்ள வேலயில கைய வெச்சா மாமனாரு உட்ருவாரு. பொண்டாட்டி உட மாட்டா."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்தது வேறு காரணத்துக்கு.

கொல்லுப் பட்டறையில் ஓட்டை போட்டு, ஆணி அடித்து, கம்பியைப் பூட்டிவிட்டேன். மட்டம் பார்ப்பதுதான் மிச்சம். ஊரிலேயே சமமான இடம் நைனா வீட்டு நெற்களம். அங்கே டிராக்டரைக் கொண்டுபோய் நிறுத்தி, வீட்டுப் பின்வாசலில் நின்ற மகளிடம் ஒரு தாம்பாளம் கேட்டேன்.

"எதுக்கு டிரைவரு?"

"மொறத்துல வெச்சித் தண்ணி ஊத்திப் பாக்கணும்மா."

பித்தளைத் தாம்பாளத்தை அவளே எடுத்து வந்தாள். முறத்துக்குள் வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். ஒரு பக்கம் வழிந்தது. லீவரை அசைத்தேன். மறுபக்கம் வழிந்தது. இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கடைசியில் தண்ணீர் நாலு பக்கமும் விளிம்போடு விளிம்பாக நின்றது. அவள் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப?"

"இப்ப மட்டமா கீதும்மா. கம்பியில இங்க ஒரு கோடு போட்டுட்டா போதும். அப்புறம் யாரும் முன்னால நிக்க வேணாம்."

அவள் கோட்டைப் பார்த்தாள். வெள்ளைப் பெயிண்ட் மோதிரம் போல் கம்பியைச் சுற்றியிருந்தது. தாம்பாளத்தைக் கழுவிக் கொண்டுவந்து வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஒரு பாராட்டாவது எதிர்பார்த்தேன்.

கம்பி வேலை செய்தது. அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பிரமாதமாக வேலை செய்தது. எருக்குழியின் அடித்தரை கீறாமல் வழித்து எடுத்தேன். வண்டிக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். நைனா கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, அது தன்னுடைய யோசனை என்று மாலைக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையைப் பார்த்து, "வெயில்ல எதுக்கு, ஊட்டுக்குப் போ மாப்ள" என்றார். 'போங்க' எங்கேயோ போய்விட்டது.

மாப்பிள்ளை உடனே போகவில்லை. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் கட்டிக்கொண்டார், பிறகு பின்னால் வைத்துக்கொண்டார். அன்று மதியம் அவர் இலை சமையல் கட்டு பக்கம் திரும்பிப் போனது. நான் தாழ்வாரத்திலிருந்து பார்த்தேன். அவர் கால் பத்து விரலோடு இருக்கிறது, அதற்கு நான்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னொரு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஊர்களில் அன்றைக்கு இரும்பு என்று எது கண்ணில் பட்டாலும் விடமாட்டார்கள். அரிவாள், மண்வெட்டி, கிணற்று ராட்டினம், அரிசி அளக்கிற படி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். டிராக்டருக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பொட்டு வைக்கிற வேலை வீட்டு மகளுடையது. கிண்ணத்தோடு வந்தவள் முறத்துக்கு வைத்தாள், விளக்குகளுக்கு வைத்தாள். என் கம்பிக்கு மட்டும் தனிக் கவனம். மேலிருந்து கீழ் வரை சந்தனத்தைக் குழைத்துப் பூசினாள். வெள்ளைக் கோடு போன இடம் தெரியவில்லை. கோட்டுக்கு ஒரு சாண் மேலே, கண்ணைப் பறிக்கிற மாதிரி, ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமப் பொட்டு ஒன்றை வைத்தாள்.

"அம்மா, கோடு மறையுது" என்றேன்.

"பூச வேலையில பேசாத" என்று பக்கத்திலிருந்த கிழவிகள் என்னை அடக்கினார்கள். பூசை போட்ட பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அங்கே சட்டம். மழையில் கரையலாம், வெயிலில் உதிரலாம். மனிதக் கை படக் கூடாது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் டிராக்டரை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நைனாவுக்கு ஆசை. உறவுக்காரர்கள் களத்தைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளையின் ஆர்.கே.பேட்டை ஜனங்களும் வந்திருந்தார்கள். களத்து மூலையில் கொஞ்சம் மண் கொட்டி வைத்திருந்தது. அதைத் தரை கீறாமல் வழித்தெடுக்க வேண்டும், அதுதான் வித்தை. போன வாரம்தான் சாணம் போட்டு மெழுகிய களம்.

நைனா என் பக்கத்தில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "பொட்டுக்கு நேரா நிறுத்து" என்றார்.

"நைனா, கோடு அது இல்ல. கோடு சந்தனத்துக்கு அடியில கீது."

"பூசை போட்ட பொட்டுய்யா. அத்தவிட உன் கோடு பெருசா?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் மிகவும் கீழ்ப்படிதலானவன். சொன்னபடியே பொட்டைக் குழாயின் வாய்க்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். முறம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டது. வண்டியை விட்டேன். மண்ணோடு களமும் சேர்ந்து வந்தது, பாய் சுருட்டுவது போல. சாணம் மெழுகிய தரையில் ஒரு கால்வாய் விழுந்தது. பெண்கள் ஐயையோ என்றார்கள். அப்போதுதான் மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடி வந்து, இரண்டு கையையும் விரித்து, "போதும், நிறுத்து" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியான நேரத்தில் சொன்னார். இன்னும் ஒரு முழம் போயிருந்தால் களத்தின் கருங்கல் விளிம்பில் முறம் மோதியிருக்கும்.

நைனா உறவுக்காரர்களைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "பாத்தீங்களா, கம்பி கம்பிதான். மன்சன் மன்சன்தான். நாளையிலருந்து மாப்ளதான் முன்னால நிப்பாரு."

பொட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை வைத்த கையின் மேலும் இல்லை. கம்பிதான் பொய் சொன்னதாம். அன்று மதியம் மாப்பிள்ளை தன் அண்ணன் தம்பிகளோடு முன் கூடத்தில், நைனாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் பின்வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டேன். எரிச்சலில் முதலாளி மகள் என்பதுகூட மறந்துவிட்டது.

"ஏம்மா, கோடு எங்க கீதுன்னு உங்களுக்குத் தெரியும். தாம்பாளம் குடுத்தவங்களே நீங்கதான். தெரிஞ்சிக்கினே தான பண்ணீங்க?"

"ஆமா" என்றாள்.

மழுப்புவாள் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராக வந்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகிவிட்டன.

"அவுரு ஊர்க்காரங்க வந்திருந்தாங்க. அவுங்க முன்னால எங்க ஊட்டுக்காரரு வரப்புல கையக் கட்டிக்கினு நிக்கணுமா?"

"அவுரு கால் போயிருக்கும்மா. செருப்பப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கால் போனா நான் பாத்துக்குவேன் டிரைவரு. மரியாத போனா யாரு பாப்பா?"

எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. அன்று முழுக்க லீவர்களை உடைத்துவிடுவது போல் இழுத்தேன். முன்னால் மாப்பிள்ளை நின்று "லேசா" என்றார்.

சில நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில், நான் டிராக்டர் நிழலில் சாய்ந்திருந்தபோது மாப்பிள்ளை தனியாக வந்தார். கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"டிரைவரே, அந்த வெள்ளக் கோடு எங்க கீது?"

நான் எழுந்திருக்கவில்லை. "சந்தனத்துக்குள்ள. உங்க ஊட்டம்மாவத்தான் கேக்கணும்."

"அவ பண்ணது எனக்குத் தெரியும். அத்த உடு. எடத்தக் காட்டு."

காட்டினேன். நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். பூசை போட்டதில் கை வைக்கலாமா என்று கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான். "பொட்ட நான் தொடல. சந்தனத்ததான் சொரண்டுறேன்" என்றார். சாஸ்திரத்தில் இவ்வளவு நுணுக்கமான ஆளை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளைக் கோடு பளிச்சென்று வெளியே வந்தது. முறம் கவிழும்போது கம்பி எப்படிப் போகிறது, நிமிரும்போது எப்படி வருகிறது என்று ஏற்றி இறக்கிக் காட்டச் சொன்னார். திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார். என் தூக்கம் போனதுதான் மிச்சம்.

மறுநாளிலிருந்து அவர் நேர் முன்னால் நிற்கவில்லை. முன் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நின்றார். கம்பி அங்கிருந்து நன்றாகத் தெரியும். கோட்டைப் பார்த்துக் கை காட்டினார். மேலே என்றால் மேலே. கீழே என்றால் கீழே. ஒன்றுகூடத் தப்பவில்லை. நானும் சீட்டிலிருந்து அதே கோட்டைத்தான் பார்த்தேன். ஒரே கோட்டை இரண்டு பேர் பார்த்து, ஒருவர் மற்றவருக்கு அறிவித்துக்கொண்டிருந்தோம். பெரிய ஆபீஸ்கள் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளைக்குக் கண்ணிலேயே அளவுகோல் இருக்கிறது என்று நெல் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் தலையாட்ட வேண்டும். ஆட்டினேன். நானும் என் கழுத்தும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

தை அறுப்பு முடிந்து களம் ஒழிந்த சமயம். வைக்கோல் கூளத்தையும் குப்பையையும் வழித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கூலி ஆட்கள் சுற்றி நின்றார்கள். நைனா குடையோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் பெருமை.

"டிரைவரு, அந்தக் கம்பியக் கழட்டி எறி. மாப்ள இருக்கறப்போ அது எதுக்கு தண்டமா?"

நான் ஸ்பானரை எடுக்கக் குனிந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கம்பி போனால் மாப்பிள்ளையின் கண் அளவுகோலும் அதோடு போய்விடும். பழையபடி லேசா, போதும் என்பார், களம் கிழியும், நைனா பார்ப்பார். நான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் அது புரிந்துவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரைப் பார்த்தேன்.

"மாமா, அத்தக் கழட்ட வேணாம்" என்றார்.

"ஏன்?"

"அத்தப் பாத்துத்தான் நான் கை காட்றேன்."

கூலி ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நைனா குடையை மடக்கினார். "எப்பலருந்து?"

"ஆயுத பூசைக்கு அப்புறம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி சும்மா காட்னேன்."

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அவரால் பொய் சொல்லியிருக்க முடியும். பூசை போட்டது, கழட்டக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நைனா அடங்கியிருப்பார். சொல்லவில்லை. முன் கூடத்து இலை, நெய், 'நில்லுங்க' எல்லாவற்றையும் கூலி ஆட்கள் முன்னிலையில் தானே எடுத்துக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அவர் மேல் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

நைனாவுக்குக் கோபத்தில் மீசை துடித்தது. "அப்போ முன்னால எதுக்கு நிக்கிற? கோட்டப் பாக்கத் தெரியும்ல, நீயே ஏறி ஓட்டேன்." குத்திக்காட்டத்தான் சொன்னார்.

மாப்பிள்ளை தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த வேட்டி மடங்கி நான் பார்த்ததே இல்லை. டிராக்டர் பக்கம் வந்து என்னிடம் மெதுவாக, "எறங்கு" என்றார்.

இறங்கினேன். நாலு அடி போவதற்குள் எதிலாவது இடித்து நிற்பார் என்று எதிர்பார்த்து இறங்கினேன். நான் ஒன்றை யோசிக்கவில்லை. இத்தனை மாதமாக என் எதிரே நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஆள் அவர். எந்தக் கால் எதை மிதிக்கிறது, எந்தக் கை எந்த லீவருக்குப் போகிறது என்பதை உலகத்திலேயே அதிகமாகப் பார்த்தவர் அவர்தான். என்னிடம் வேலை பழகியிருக்கிறார், எனக்குத் தெரியாமல். கியர் போடும்போது மட்டும் ஒரு கரகர சத்தம். பிறகு வண்டி நகர்ந்தது. முறத்தை இறக்கினார். கோட்டைக் குழாயின் வாயில் நிறுத்தினார். களத்துக் கூளத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் வழித்துக்கொண்டு போனார். தரையில் ஒரு கீறல் இல்லை.

நைனா குடையைத் திரும்ப விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் மாப்பிள்ளை ஓட்ட, நான் வண்டி கழுவினேன். பிறகு ஒரு நாள் காலையில் நைனா கூப்பிட்டனுப்பினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"டிரைவரு, நீ வெச்ச கம்பி ஃபஸ்ட் கிளாஸா வேல செய்யுதுப்பா. மாப்ளயே ஓட்டிக்கிறாரு. இனிமே உன்ன வெச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும்? சொல்லு."

ஒரு ஆளை வேலையிலிருந்து எடுக்கத்தான் அந்தக் கம்பியைச் செய்தேன். எடுத்துவிட்டது. ஆளைப் பார்த்து எடு என்று அதற்கு நான் சொல்லி வைக்கவில்லை.

படுக்கையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். பின்வாசலில் அவள் நின்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். வழக்கம்போல் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தேன். "அங்க இல்ல, உள்ள வா" என்று முன் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். வேலைக்காரனுக்குத்தான் தாழ்வாரம். வேலை போன பிறகு நான் விருந்தாளி. நைனா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஓர் இலை காலியாக இருந்தது.

மாப்பிள்ளை எருக்குழியிலிருந்து நேராக வந்து அந்த இலையில் உட்கார்ந்தார். கையைக் கழுவியிருந்தார், ஆனாலும் நகத்துக்குள் கிரீஸ் போகவில்லை. என் நகம் சுத்தமாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கையைச் சோற்றுக்குள் வைத்துக்கொண்டேன். அவள் எனக்கும் நெய் ஊற்றினாள், தாராளமாகவே. சாம்பார் வேறு அன்றைக்கு அநியாயத்துக்கு நன்றாக இருந்தது.

பாதி சாப்பாட்டில் மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்து, மாமனார் காதில் விழாத குரலில் கேட்டார். "டிரைவரே, காலையில பனியில எஞ்சின் கெளம்ப மாட்டேங்குது. நீ இன்னாவோ ஒண்ணு பண்ணுவியே, அது இன்னா?"

அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. யாருக்கும் சொன்னதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால், மாசிப் பனியில் ஒரு நாள் அவர்களாகவே என்னைத் தேடி வந்திருப்பார்கள். அவர் பதிலுக்காகச் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவளும் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

சொல்லித் தொலைத்தேன்.